எடுத்தலும் வைத்தலும்

சத்திர சிகிச்சை நிபுணர் ஒருவருடைய கந்தோரில் இலிகிதராக உத்தியோகம் பார்ப்பவருக்குக் கத்தியைத் தொடும் அதிகாரமோ நோயாளியின் சரீரத்தைப் பரிசோதிக்கும் உரிமையோ கிடையாது. ஆயினும், அந்தச் சிகிச்சைக்கு அரசாங்கம் பணம் தருமா, தருமாயின் எவ்வளவு தரும், தராதாயின் அதை நோயாளிக்கு எவ்வாறு எடுத்துரைப்பது என்னும் வினாக்கள் நாள் தவறாமல் அவருடைய மேசைக்கே வந்து சேர்கின்றன. யாழ்ப்பாணத்திலே வர்த்தகமும் கணக்கியலும் படித்துவிட்டு, சிட்னி மாநகரின் மேற்குப் புறத்தில் வந்து குடியேறிய எனக்கு, பிளாஸ்டிக் சேர்ஜரி வைத்தியர் ஒருவரிடம் வேலை கிடைத்தபோது, தீக்காயத் தழும்பு, முகத்துத் தோலிற் கண்ட புற்று, இயந்திரத்தில் அகப்பட்ட விரல் ஆகிய இவற்றைப் பற்றிய கடிதங்களைத்தான் நாளெல்லாம் தட்டச்சுச் செய்யப்போகிறேன் என்று எண்ணியிருந்தேன். அவையும் வந்தன. ஆனால், தொலைபேசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மார்பிலே வைத்திருக்கும் இம்பிளாண்டை எடுத்துவிட விரும்புவதாகவும், அதற்கு மெடிகெயர் பணம் தருமா என்று அறிய விரும்புவதாகவும் சொன்ன பெண்களின் விசாரணைகளே வருஷத்துக்கு வருஷம் பெருகின.

இம்பிளாண்ட் எனப்படும் அந்தச் சிலிக்கோன் பையின் சரித்திரமே ஒரு விநோதத்தில் ஆரம்பிக்கிறது. 1962-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரிலே, தோமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்னும் இரு வைத்தியர்கள் அதை முதன்முதலாகப் பொருத்திய டிம்மி ஜீன் லிண்ட்சி என்னும் பெண்மணி, உண்மையில் தம் மார்பிலே குத்தியிருந்த பச்சையை அழித்துக்கொள்ளும் பொருட்டே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தவர். புதிய சாதனத்தை ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று வைத்தியர்கள் கேட்டபோது, துருத்திக்கொண்டிருக்கும் தம்முடைய காதுகளைச் சரிசெய்து தருவதாயின் சம்மதம் என்றாராம். ஒன்றை எடுக்கப் போய் இன்னொன்றை வைத்துக்கொண்டு திரும்பிய அவருக்குப் பின்னே, வைத்துக்கொண்டதை எடுக்க வருகிற பெண்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று அவ்வைத்தியர்கள் நினைத்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்தப் பை ஆயுள் முழுவதற்கும் உரிய சாதனமன்று. அந்நியப் பொருள் எதுவாயினும் அதைச் சுற்றிச் சரீரம் நாராலான ஓர் உறையைக் கட்டிவிடுகிறது. சில பெண்களிடத்தில் அந்த உறை காலக்கிரமத்தில் தடித்து, சுருங்கி, உள்ளே இருப்பதை இறுக்கி, உருவத்தைக் கோணலாக்கி, தூக்கத்தில் ஒருக்களித்துப் படுக்கவும் முடியாத நோவைத் தருகிறது. சில பைகள் சத்தமில்லாமல் உடைகின்றன. சில இடம் பெயர்கின்றன.

மெடிகெயர் என்பது 1984-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் முதலாந் திகதி தொடக்கம் அவுஸ்திரேலியாவில் நடைமுறையில் இருந்துவரும் பொதுச் சுகாதாரக் காப்புறுதி. அரசாங்க ஆஸ்பத்திரியில் பொது நோயாளியாகச் சேர்பவர் காசு கட்டவேண்டியதில்லை, காத்திருக்க வேண்டும். முப்பது நாளுக்குள், தொண்ணூறு நாளுக்குள், முந்நூற்றறுபத்தைந்து நாளுக்குள் என்று அவசரத்தின் தாரதம்மியப்படி மூன்று வகுப்புகளாக அங்கே நோயாளிகளை நிரைப்படுத்துவார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் தமக்கு வேண்டிய வைத்தியரைத் தெரிந்தெடுத்துச் சேர்பவருக்கோ, ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசாங்கம் நிர்ணயித்து வெளியிட்டிருக்கும் அட்டவணைக் கட்டணத்தில் நூற்றுக்கு 75 வீதத்தை மெடிகெயர் தரும். தனியார் காப்புறுதி இருந்து, அதன் தரமும் அந்தச் சிகிச்சையை உள்ளடக்குவதாயின், மிச்ச 25 வீதத்தை அந்தக் கம்பனி தரும். இதைக் கேட்ட மாத்திரத்தில் முழுச் செலவும் அடங்கிவிட்டது என்று மனம் குளிர்பவர்கள் அநேகர். அட்டவணைக் கட்டணம் என்பது அரசாங்கம் தன் மனத்துக்குப் பட்டபடி வகுத்த தொகை. வைத்தியர் அதற்குக் கட்டுப்பட்டவரல்லர். அட்டவணையிலே சில நூறு டொலராக நிற்கும் ஒரு சிகிச்சைக்கு வைத்தியர் ஆயிரக் கணக்கில் கேட்கலாம். இடையிலுள்ள வித்தியாசத்தை நோயாளி தம் பையிலிருந்து கட்டவேண்டும். அந்த வித்தியாசத்துக்குத்தான் இங்கே ‘காப்’ என்று பெயர். எங்கள் கந்தோரில் அழுகை வந்தது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

சௌந்தரியத்தின் பொருட்டு மாத்திரம் செய்யப்படும் எந்தச் சிகிச்சைக்கும் மெடிகெயர் பணம் தராது என்பது பொது விதி. இதைத் தெரிந்துகொண்டு வருகிற பெண், தான் முதலில் வைத்துக்கொண்டது அழகுக்காகத்தானே, ஆகவே எடுப்பதற்கும் பணம் கிடையாதென்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டு வருகிறாள். வேறு சிலர் இன்னோரிடத்தில் விசாரித்து, ‘மெடிகெயர் மறுத்துவிட்டது’ என்ற செய்தியோடு வருவார்கள். யார் மறுத்தார், எந்தக் கடிதத்தில் மறுத்தார் என்று மெல்லக் கேட்டுக்கொண்டு போனால், மெடிகெயரின் உத்தியோகத்தர் எவரும் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்பது தெரியவரும். இந்தச் சிகிச்சைகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பம் வாங்கி, ஆம் அல்லது இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரி ஒருவர் எங்கோ உட்கார்ந்திருப்பதாக எல்லோரும் எண்ணுகிறார்கள். அப்படி ஒருவரும் இல்லை. அட்டவணையிலே எழுதியிருக்கும் நிபந்தனை இந்த நோயாளிக்குப் பொருந்துகிறது என்று சத்திர சிகிச்சை நிபுணரே நிர்ணயித்து, தம் கையொப்பத்தின் பேரில், அட்டவணையில் அந்தச் சிகிச்சைக்குரிய ‘ஐட்டம்’ இலக்கத்தைக் கணக்கில் எழுதுகிறார். பொருந்தவில்லை என்று பின்னொரு காலத்தில் கணக்காய்வில் வெளிப்பட்டால், பணத்தைத் திருப்பிக் கட்டும் பொறுப்பும் அவருடையதே. ஆகவே தயக்கமுள்ள வைத்தியர், ‘எனக்கு நிச்சயமில்லை’ என்று சொல்வதற்குப் பதிலாக, மெடிகெயர் தராது என்று சொல்லிவிடுவதும், அவருடைய இலிகிதர் அதையே இன்னும் சுருக்கி, மறுத்துவிட்டது என்று தொலைபேசியில் சொல்லிவிடுவதும், நான் பல சந்தர்ப்பங்களில் கண்ட வழக்கம். கண்ணுக்குத் தெரியாத அரசாங்கத்தின் தலையில் பழியைப் போடுவது யாருக்கும் சுலபமாயிருக்கிறது.

எடுப்பதற்குரிய ஐட்டங்கள் இரண்டு. 45548 என்பது பையை மாத்திரம் வெளியே எடுப்பதற்கு உரியது. 45551 என்பது பையோடு கூட, அதைச் சுற்றியிருக்கும் நாருறையிற் குறைந்தது பாதியையாவது வெட்டி எடுப்பதற்கு உரியது. அப்படி வெட்டியெடுத்த துண்டை நோயியற் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்பதும், எடுத்த அளவு அந்த அறிக்கையிலே பதிவாகியிருக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகள். இந்த இரண்டு ஐட்டங்களின் வாசகத்திலும் முதன்முதல் அந்தப் பை எதன் பொருட்டு வைக்கப்பட்டது என்ற கேள்வி இல்லை. உடைந்த பையைச் சுமந்துகொண்டு வருகிறவள் புற்றுநோய்க்கு மார்பை இழந்தவளா, இருபது வயதிற் கண்ணாடியைப் பார்த்து மனம் நொந்தவளா என்று சட்டம் விசாரிப்பதில்லை. எடுக்கவேண்டிய வைத்தியக் காரணம் இன்று உண்டா என்பதே அதற்குப் போதுமானது. இது எத்துணை தாக்ஷிண்யமுள்ள விதி என்பதை, ஜெர்மனி தேசத்துச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நான் உணர்ந்தேன். அங்கே சமூகச் சட்டக் கோவையின் ஐந்தாம் நூல் 52-ஆம் பிரிவின்படி, வைத்திய அவசியமில்லாத அழகுச் சிகிச்சையினாலோ, பச்சை குத்தியதனாலோ, உடலில் துளையிட்டு வளையம் பூட்டியதனாலோ நோயை வருவித்துக்கொண்டவரிடமிருந்து, செலவில் தகுந்த ஒரு பங்கைக் காப்புறுதி நிதியம் அறவிட்டே ஆகவேண்டும். புகை பிடித்தவரின் நுரையீரலுக்கு அப்படிப் பங்கு கேட்பதில்லை. பழைய ஆசையொன்றுக்காகப் பெண்ணை மாத்திரம் தண்டிக்கும் நியாயம் எனக்கு விளங்கவில்லை.

இடமும் வலமும் ஒரே வேளையில் எடுக்கப்படும்போது, இரண்டுக்கும் முழுத் தொகை கிடைப்பதில்லை. ஒரே மயக்கத்தில் பல சிகிச்சைகள் நடந்தால் முதலாவதற்கு முழுக் கட்டணமும், இரண்டாவதற்குப் பாதியும், அதற்குப் பின் வருவனவற்றுக்குக் காற்பங்குமே கணக்கில் எடுக்கப்படும் என்பது அட்டவணையின் பொது விதி. ஆக, ஒரு பக்கத்து மார்பு முழுமையாகவும் மறுபக்கத்து மார்பு பாதியாகவும் அரசாங்கத்தின் கணக்கில் ஏறும். நகைப்புக்கு இடமான இந்த ஏற்பாட்டைக் கட்டண மதிப்பீட்டுப் பத்திரத்தில் விளக்கும்போது, நோயாளியோடு சேர்ந்து நானும் பலமுறை சிரித்திருக்கிறேன்.

சிரிப்பதற்கு ஒன்றுமில்லாத பகுதி, எடுத்த இடத்தில் புதிதாக ஒன்றை வைப்பதைப் பற்றியது. 45553, 45554 என்னும் ஐட்டங்கள் அதற்குரியவை. அங்கேதான் அட்டவணை முதன்முறையாகப் பூர்வ கதையைக் கேட்கிறது. பை உடைந்திருக்க வேண்டும், அல்லது உள்ளிருந்தது இடம் பெயர்ந்திருக்க வேண்டும், அல்லது உறை சுருங்கி உபத்திரவம் தரவேண்டும். இது முதல் நிபந்தனை. அதனோடு, ஆதியில் வைக்கப்பட்டது மார்பகப் புற்றுநோயின் காரணமாகவோ பிறவி வளர்ச்சிக் குறையின் காரணமாகவோ இருக்கவேண்டும். அப்படி இல்லையாயின், வெறுமனே எடுத்துவிட்டால் ஏற்கத்தகாத விகாரம் உண்டாகும் என்பது, சத்திர சிகிச்சையின் நடுவே, பையை எடுத்த பின்பு பிடித்த புகைப்படங்களால் நிரூபிக்கப்பட வேண்டும்.

இந்த வாசகத்தின் முழுப் பொருளும் முதல் வாசிப்பில் எவருக்கும் உறைப்பதில்லை. நோயாளி மயக்கத்தில் இருக்கிறாள். பை வெளியே வந்துவிட்டது. தாதி ஒருத்தி கமெராவைப் பிடிக்கிறாள். அந்தப் படத்திலே தெரிவது ஏற்கத்தக்கதா தகாததா என்பதைப் பொறுத்தே அடுத்த அரை மணி நேரத்தில் நடக்கப்போகும் காரியத்துக்கு மெடிகெயர் பணம் தருவதும் தராததும் தீர்மானமாகிறது. அதாவது, தனக்கு அரசாங்க உதவி உண்டா இல்லையா என்பதை அறியாமலே ஒருத்தி மேசையிற் படுத்து, அறியாமலே கண்ணை மூடவேண்டியிருக்கிறது. மெடிகெயர் பணம் தராவிட்டால், தனியார் காப்புறுதியும் அந்தப் பகுதிக்குக் கையை விரித்துவிடும். ஆஸ்பத்திரியோ சத்திர சிகிச்சைக் கூடத்துக்கும் புதிய பைக்கும் உரிய கட்டணத்தை அவளிடம் கேட்கும். ஆகையினால் இப்படிப்பட்ட நோயாளிக்கு நான் எழுதிக் கொடுக்கும் கட்டணப் பத்திரத்தில் எப்பொழுதும் இரண்டு பத்திகள் இருக்கும்: படம் சம்மதித்தால் இவ்வளவு, சம்மதிக்காவிட்டால் இவ்வளவு. இரண்டையும் சத்திர சிகிச்சைக்கு முந்தியே படித்துக் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது பத்தியின் தொகையைக் கண்டு, புதிதாக எதுவும் வைக்கவேண்டாம், எடுத்தால் மாத்திரம் போதும் என்று அந்த நாற்காலியிலேயே மனம் மாறியவர்கள் பலர். விகாரம் ஏற்கத்தகாதது என்று தீர்மானிக்கும்போது, அதை ஏற்று வாழப்போகிறவள் நித்திரையில் இருக்கிறாள் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் கருதினார்களோ இல்லையோ, நான் அறியேன்.

புற்றுநோயில் இருந்து மீண்டவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி, பெயரைக் கண்டு நான் தமிழச்சி என்று அறிந்துகொண்டு, காத்திருக்கும் மண்டபத்தில் மற்றவர்கள் எழுந்து போகும்வரை பொறுத்திருந்து, மேசைக்குக் கிட்ட வந்து கேட்டாள்:

“அக்கா, புற்றுநோய்க்கு வெட்டினதுக்குப் பிறகு வைச்சது. இப்ப இறுகி நோகுது. எடுக்கிறதுக்கு அரசாங்கம் காசு தருமோ, இல்லாட்டி நாங்கள்தான் முழுக்கக் கட்டவேணுமோ?”

“எடுக்கிறதுக்கும் தரும், திரும்ப வைக்கிறதுக்கும் தரும், தங்கச்சி. முழுக்க இல்லை. காத்திருக்க ஏலுமெண்டால், வெட்டின பெரியாஸ்பத்திரியிலேயே காசில்லாமல் செய்விக்கலாம்.”

“அவருக்குத் தெரியும். மாமிக்குத் தெரியாது. கடிதம் வீட்டுக்கு வருமோ?”

அவள் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது பணமன்று என்பது அந்த மூன்றாவது வாக்கியத்தில்தான் எனக்குப் புலனாயிற்று. மெடிகெயரில் கணவனும் மனைவியும் ஒரே அட்டையில் இருக்கும் குடும்பங்கள் அநேகம். காப்புறுதிக் கம்பனியின் கணக்கறிக்கை பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் பெயருக்கே போகும். வீட்டுக்கு வரும் கடிதத்தை முதலில் உடைப்பவர் யாரென்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். அவளுக்கு எல்லாவற்றையும் கைத்தொலைபேசிக்கே அனுப்புவதாக ஒழுங்கு செய்து கொடுத்தேன். நம்மவர்களிடத்தில் மார்பைப் பற்றிய பேச்சு இன்னும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டே நடக்கிறது. சிகிச்சை தாமதமாவதற்குப் பணமுடையைப் போலவே இதுவும் காரணமாவதை நான் கண்டிருக்கிறேன்.

எடுப்பதற்கும் வைப்பதற்கும் யார் பணம் தருவது என்னும் விஷயத்தில் பல நாட்டு அரசாங்கங்கள் ஒரே நேரத்தில் சோதிக்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. பிரான்ஸ் தேசத்துத் தென்கரையிலே லா சேன் சூர் மேர் என்னும் ஊரில் இயங்கிய பி.ஐ.பி. என்னும் கம்பனி, வைத்தியத்துக்கு அங்கீகரிக்கப்படாத கைத்தொழிற் சிலிக்கோனைப் பைகளில் நிரப்பி உலகமெங்கும் விற்றுவந்தது 2010-ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. 2011 டிசம்பர் 23-ஆந் திகதி பிரெஞ்சு அரசாங்கம், உடைந்திருந்தாலும் உடையாதிருந்தாலும், தன் நாட்டிலே அந்தப் பைகளைத் தாங்கிய ஏறக்குறைய 30,000 பெண்களும் அவற்றை எடுத்துவிடுவது நல்லதென்று ஆலோசனை கூறி, எடுக்கும் செலவைப் பொதுக் காப்புறுதியே ஏற்குமென்றும், புதிதாக வைக்கும் செலவு புற்றுநோய் முதலிய காரணத்தால் வைத்தவர்களுக்கு மாத்திரமே கிடைக்குமென்றும் அறிவித்தது. இங்கிலாந்தில், எல்லோரும் எடுக்கவேண்டியதில்லை என்றார்கள். தனியார் கிளினிக்கில் வைத்துக்கொண்டவர்களுக்கு அந்தக் கிளினிக் கைவிட்டால், அரசாங்க வைத்திய சேவை எடுத்துக்கொடுக்கும், ஆனால் புதிது வைத்துக்கொடுக்காது என்றார்கள். அடுத்திருக்கும் வேல்ஸ் பிரதேச அரசோ, எடுத்து வெறுமனே அனுப்புவது மனிதத் தன்மையாகாது என்று கருதி, புதிதும் வைத்துக்கொடுப்பதாகச் சொல்லிற்று. ஒரே பை, ஒரே ஆபத்து. ஆற்றின் அக்கரையில் இருப்பவளுக்கு ஒரு நியாயம், இக்கரையில் இருப்பவளுக்கு இன்னொரு நியாயம். அவுஸ்திரேலியாவில், 2012-ஆம் ஆண்டு தொடக்கம், பி.ஐ.பி. பை உடையவர்களுக்கு உடைவைக் கண்டறியும் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கென்று தனி ஐட்டங்களை மெடிகெயர் ஏற்படுத்தியது. அந்தக் கம்பனியின் ஸ்தாபகர் ஜோன் குளோட் மாஸ், 2013 டிசம்பரிலே மார்செய் நீதிமன்றத்தில் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஸ்கானுக்கு ஐட்டம் ஏற்படுத்தியாகிவிட்டது. ஆனால் தன்னுள் இருப்பது எந்தக் கம்பனியின் பை என்று எத்தனை பெண்களுக்குத் தெரியும்? என் வேலையிற் பெரும் பொழுதை விழுங்கியது இந்தத் தேடல்தான். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தனியார் வைத்தியர் ஒருவர் தம் நோயாளியின் குறிப்பேட்டைக் கடைசிப் பதிவிலிருந்து ஏழு ஆண்டுகள் வைத்திருந்தாற் போதும். பையோ பத்து ஆண்டும் பதினைந்து ஆண்டும் சரீரத்துக்குள் இருக்கிறது. தகராறு கிளம்பும் காலத்தில் சாட்சியம் அழிந்துபோயிருக்கும். கிளினிக் மூடப்பட்டிருக்கும், வைத்தியர் இளைப்பாறியிருப்பார், தாய்லாந்துக்குப் போய்ச் செய்துகொண்டு வந்தவளிடம் விமானச் சீட்டின் துண்டைத் தவிர வேறு அத்தாட்சி இராது. மூடப்பட்ட ஒரு கிளினிக்கின் குறிப்பேடுகள் எந்தச் சாமான் களஞ்சியத்தில் கிடக்கின்றன என்று கண்டுபிடிக்க நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராதபோது, அந்தச் சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியின் சத்திர சிகிச்சைக் கூடப் பதிவேட்டில் பையின் தொடரிலக்கம் ஒட்டப்பட்டிருக்கக் கூடும் என்று ஒரு முதிய தாதி சொல்லித் தந்தார். அந்த உபாயம் எத்தனையோ முறை பலித்தது.

2019 யூலை மாதத்தில், சொரசொரப்பான மேற்பரப்புடைய அலர்கன் கம்பனியின் பயோசெல் வகைப் பைகள் உலகமெங்கும் மீளப் பெறப்பட்டபோது, எங்கள் தொலைபேசி ஓயவில்லை. அத்தகைய பைகளைச் சுற்றியுள்ள நீரிலும் உறையிலும், அபூர்வமான ஒருவகை நிணநீர்ப் புற்று உண்டாகலாம் என்பது அதற்குக் காரணம். பெரும்பாலும் வைத்துப் பல ஆண்டுகள் கழிந்த பின்பு, ஒரு பக்கத்து மார்பு திடீரென்று வீங்குவதே அதன் முதல் அறிகுறி. காலத்தோடு கண்டுபிடித்தால், பையையும் உறையையும் முழுமையாக எடுத்துவிடுவதே பலருக்குப் போதுமான சிகிச்சையாகிறது. மீளப் பெறுதல் என்ற சொல்லைப் பத்திரிகையிற் கண்டவர்கள், பழுதான மோட்டார் வாகனத்தைக் கம்பனி இலவசமாகத் திருத்திக் கொடுப்பதைப் போல, இதையும் யாரோ இலவசமாக எடுத்துத் தருவார்கள் என்று எண்ணினார்கள். மீளப் பெறப்பட்டவை அலுமாரியில் இருந்த பைகளே. மார்பில் இருந்தவை அல்ல. அறிகுறி இல்லாதவர்கள் எடுக்கவேண்டியதில்லை என்றே இந்நாட்டு மருந்து, சாதன ஒழுங்குமுறை நிர்வாகம் ஆலோசனை சொன்னது. அது வைத்திய சாஸ்திரத்தின்படி சரியான ஆலோசனைதான். ஆனால் பயம் அறிகுறியாகுமா, பயத்தினால் நித்திரையில்லாமற் போனவளுக்கு எடுப்பது அழகுச் சிகிச்சையாகுமா என்ற கேள்விக்கு அட்டவணையில் விடை இல்லை. எங்கள் வைத்தியர் அத்தகையவர்களோடு நெடுநேரம் பேசி, கேட்டவற்றை அப்படியே எழுதி, தம் பொறுப்பில் 45551-ஐ இட்டார். வேறு வைத்தியர்கள் இடவில்லை. இரு சாராருமே சட்டத்துக்கு உட்பட்டே நடந்தார்கள் என்பதுதான் இதிலுள்ள அவலம்.

சமீப காலத்தில் வேறொரு கூட்டம் வரத் தொடங்கிற்று. தீராத களைப்பு, மூட்டு நோவு, மறதி, முடி உதிர்தல் என்று பல உபாதைகளைச் சொல்லி, இவையெல்லாம் இம்பிளாண்டின் விளைவே என்று உறுதியாக நம்பி வருகிறவர்கள் இவர்கள். இதை நிரூபிக்க இரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கான் இல்லை. நிராகரிக்கவும் அவ்வாறே எதுவும் இல்லை. எடுத்த பின்பு சுகம் கண்டேன் என்று நேரே வந்து சொன்னவர்களையும் அறிவேன். எடுத்தும் மாறவில்லை என்று அழுதவர்களையும் அறிவேன். இவர்களுள் பலர், உறை சிறிதும் கிழியாமல் பையும் உறையும் ஒரே திரளாக எடுக்கப்பட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். அது புற்றுநோய்க்கு உரிய முறை. மற்றவர்களுக்கு, விலா எலும்போடு ஒட்டிய உறையை முழுதும் உரித்தெடுக்க முயல்வது நுரையீரலைச் சுற்றிய சவ்வுக்கே ஆபத்தாகலாம். இதற்கென்று பெருந்தொகை வாங்கும் வைத்தியர்கள் உண்டு. ஆனால் அட்டவணையைப் பொறுத்தவரை பாதி உறையை எடுத்தாலும் முழு உறையை எடுத்தாலும் 45551 ஒன்றே. வித்தியாசம் முழுவதும் காப்பில்தான் போய் ஏறும்.

இப்படிப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதுவதுதான் என் தொழிலின் நுட்பமான பகுதி. நோவு இல்லாத இடத்தில் நோவு இருக்கிறதென்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பணம் கிடைத்துவிடும் என்று கெஞ்சியவர்கள் உண்டு. அப்படிச் சேர்க்கும் கந்தோர்களும் இல்லாமலில்லை. நான் கற்றுக்கொண்டது வேறொரு வழி. பெரும்பாலான பெண்களிடத்தில் சட்டத்துக்குப் போதுமான காரணம் உண்மையாகவே இருக்கும். அவர்கள் அதைப் பெரிதென்று கருதாமல் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். களைப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசியவள், எழுந்து போகும்போது, கதவைத் திறக்கக் கையை உயர்த்தினால் இடப்பக்கம் இழுக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லுவாள். அதை அப்பொழுதே குறித்து, பரிசோதிக்கும்போது கவனிக்கும்படி வைத்தியருக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்புவேன். உறை சுருங்கியிருப்பதை அவர் கையால் தொட்டறிந்து எழுதினால், அதற்குமேல் யாருடைய தாக்ஷிண்யமும் தேவையில்லை. முன்புறமும் இரு பக்கவாட்டும் தெரியும்படி எடுத்த புகைப்படங்கள், குடும்ப வைத்தியரின் பரிந்துரைக் கடிதம், அல்ட்ராசவுண்ட் அறிக்கை ஆகியவற்றைக் கோவையிற் சேர்த்து வைப்பேன். அவற்றை யாரும் கேட்பதில்லை, கேட்கும் நாள் வரும்வரை.

தனியார் காப்புறுதியும் இல்லாமல், அரசாங்க ஆஸ்பத்திரியிற் காத்திருக்கவும் மாட்டாமல் தவிப்பவர்கள், இளைப்பாறும் காலத்துக்கென்று சேர்த்த சுப்பரனுவேஷன் நிதியை முன்கூட்டியே எடுக்க விண்ணப்பிப்பார்கள். கடும் நோவையோ நீடித்த நோவையோ தணிக்கும் சிகிச்சை என்று இரண்டு வைத்தியர்கள், அவர்களுள் ஒருவராவது நிபுணராயிருந்து, அத்தாட்சி கொடுத்தால், வரித் திணைக்களம் அனுமதி கொடுக்கும். அழகுக்காக இளமையில் ஒரு முறையும், அதை நீக்குவதற்காக முதுமையின் சேமிப்பிலிருந்து ஒரு முறையும் ஒருத்தி செலவழிப்பதைப் பார்க்கும்போது, வைக்கும் தினத்தில் இந்தக் கணக்கை அவளுக்கு யாராவது போட்டுக் காட்டினார்களா என்று நான் கேட்பதுண்டு. போட்டுக் காட்டியதாக ஒருத்தியும் சொல்லவில்லை. 2023-ஆம் ஆண்டு யூலை தொடக்கம், அழகுச் சிகிச்சைக்குப் போகிறவர் முதலிற் குடும்ப வைத்தியரிடம் பரிந்துரை பெற்றுத்தான் போகவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்; அங்கேயாவது யாரேனும் சொல்லுவார்களென்று நம்புகிறேன்.

எடுத்தபின் தளர்ந்து தொங்கும் மார்பை உயர்த்திக் கட்டுவதற்கு 45558 என்று ஓர் ஐட்டம் உண்டு. அதற்குள் நுழைவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். மார்பின் மூன்றில் இரண்டு பங்கும் முலைக்காம்பும் அடி மடிப்புக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். மடிப்பின் இடத்தில் அடையாளம் வைத்து மூன்று பக்கமும் படம் எடுத்திருக்க வேண்டும். ஆயுளில் ஒரே முறைதான். கர்ப்பமுற்றவளாயின், கடைசிக் கர்ப்பம் முடிந்து ஓராண்டுக்குக் குறையாமலும் ஏழாண்டுக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். இதை நான் வாசித்துக் காட்டிய ஒரு பெண்மணி, பாடசாலை ஆசிரியை, நாற்பத்துநான்கு வயதினர், மடிப்பு, படம் எல்லாவற்றுக்கும் தலையசைத்துக்கொண்டே வந்து, ஏழாண்டு என்ற இடத்தில் நிறுத்தினார். தம் இளைய மகனுக்குப் பதினோரு வயது என்றார். பிறகு, முகத்தில் ஒரு மாறுதலுமில்லாமல், இன்னொரு பிள்ளை பெற்றுக்கொண்டு வந்தால் அரசாங்கம் தருமா என்று கேட்டார். சட்டத்தின் வாசகத்தை மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஓராண்டு காத்திருக்க வேண்டியிருக்கும் என்றேன்.